கல்லறைகள் யாருக்குச் சாட்சி?

இலங்கையிலே தமிழ் பேசும் ஏழையை நோக்கிக் காலந்தோறும் ஒரு கேள்வி வீசப்பட்டு வந்திருக்கிறது: "நீ எப்போது வந்தாய்?" துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனிடம் அது கேட்கப்பட்டது. நகரத்தின் தெருக்களைக் கூட்டியவனிடம் கேட்கப்பட்டது. மலைச்சரிவிலே கொழுந்து பறித்தவளிடம் கேட்கப்பட்டது. தோட்டத்தின் சொந்தக்காரனான வெள்ளைக் கம்பனியை நோக்கி அக்கேள்வி அதே வேகத்தோடு எழுந்ததில்லை. கையிலே முதலோடு வந்தவன் விருந்தாளி. கையை மட்டும் கொண்டு வந்தவன் வந்தேறி. நமது அரசியல் அகராதியில் இவ்விரு சொற்களின் பொருளும் இவ்வாறே வகுக்கப்பட்டுள்ளன.

இக்கேள்விக்கு விடை கூறப் புகுந்த நம்மவருள் ஒரு சாரார் பழமையைத் துணைக்கு அழைக்கின்றனர். பழைய ஆலயத்தைக் காட்டுகின்றனர். பாசி படிந்த கல்லறைகளைக் காட்டுகின்றனர். "இதோ எம் முன்னோர் உறங்கும் இடம், உங்கள் சட்டங்களுக்கெல்லாம் முந்தியது" என்கின்றனர். கேட்பதற்கு இனிய விடை இது. வாதத்தில் வென்றுவிட்டது போன்ற மயக்கத்தையும் தருவது. ஆயினும் இவ்விடை ஆபத்தானது. கேள்வி கேட்டவன் வைத்திருக்கும் தராசையே அது ஏற்றுக்கொள்கிறது. எவ்வாறு என்பதைக் கொழும்பு ஜிந்துப்பிட்டியிலுள்ள புனித தோமையார் ஆலயத்தின் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

ஜிந்துப்பிட்டி என்னும் பெயரே வெளியிலிருந்து வந்த பெயர் என்பர். போர்த்துக்கீசர் 'சாந்தோமே' என்று வழங்கிய தோமையாரின் பெயர் சிங்கள நாவிலே தேய்ந்து, 'பிட்டிய' என்னும் நிலப்பெயரோடு ஒட்டி, ஜிந்துப்பிட்டியாயிற்று என்று கூறுவது வழக்கம். இயேசுவின் சீடராகிய தோமையாரே இம்மேட்டில் நின்று உபதேசித்தார் என்றொரு ஐதிகமும் உண்டு. ஐதிகத்தை ஐதிகமாகவே விட்டுவிடுவோம். சரித்திரம் இதனினும் சுவையானது. பலஸ்தீனத்துச் சீடன் ஒருவனின் பெயர் போர்த்துக்கீசக் கப்பலேறி வந்து, சிங்களத்திலே உருமாறி, தமிழர் வாழும் தெருக்களுக்கு முகவரியாகி நிற்கிறது. தூய்மை பேசுவோர் இந்த ஒரு பெயரைப் பகுத்துப் பார்த்தாலே போதும். அவர்களுடைய தூய்மை எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி மாறியதும் ஆட்சியாளரின் மதமும் மாறியது. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, சீர்திருத்தச் சபையே அரசின் சபையாயிற்று. அரசாங்க உத்தியோகம் வேண்டியவன் அச்சபையின் ஞானஸ்நானத்தைப் பெற வேண்டியிருந்தது. திருமணமும் பிறப்பும் பாடசாலைத் தோம்புகளிலே பதியப்பட்டன. அப்பதிவு சொத்துரிமைக்கும் ஆதாரமாயிற்று. இவ்வாறு மதம், பதவி, உடைமை ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். சீர்திருத்தச் சபையிலிருந்த குடும்பங்களுள் பல அங்கிலிக்கன் சபைக்குச் சென்றன. 1815இல், தேசாதிபதி பிரவுன்றிக்கின் ஆட்சிக்காலத்தில், போர்த்துக்கீசர் காலத்துத் தோமையார் ஆலயம் நின்றதாகக் கருதப்படும் அதே இடத்தில், தமிழ்க் கிறித்தவர்களுக்கென அங்கிலிக்கன் ஆலயம் எழுந்தது. இலங்கையின் மிகப் பழைய அங்கிலிக்கன் ஆலயங்களுள் அது ஒன்று.

1815! இந்த ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாளிலேதான் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னாட்டு நாயக்கர் வழியினன். அவ்வொப்பந்தத்தின் வாசகத்திலே ஆங்கிலேயர் 'மலபார்' இனத்தவருக்குக் கண்டி இராச்சியத்தின் மீதிருந்த உரிமையெல்லாம் ஒழிந்ததென்று பிரகடனம் செய்தனர். அரசன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான். அவனுடைய சமாதியும் பாலாற்றங்கரையிலேயே உள்ளது. 'மலபார்' என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழருக்கிட்ட பெயர். கொழும்பிலே அதே பெயரால் அழைக்கப்பட்ட தமிழ்க் கிறித்தவர்களுக்கு அதே தேசாதிபதியின் காலத்தில், அதே ஆண்டில், ஆலயம் எழுகிறது!

கண்டியிலே 'மலபார்' அந்நியன். கொழும்பிலே 'மலபார்' ஆட்டுமந்தை. அரசுரிமை கோரினால் நாடுகடத்தல். அடங்கிச் சேவகம் செய்தால் ஆலயம். ஏகாதிபத்தியத்தின் சாதுரியத்தை இதனினும் சுருக்கமாக எடுத்துரைக்க முடியுமா? யார் அந்நியன், யார் சுதேசி என்பதை இரத்தமோ பிறப்போ தீர்மானிக்கவில்லை. ஆள்வோரின் தேவையே தீர்மானித்தது. பிற்காலத்திலே சுதந்திர இலங்கையின் ஆட்சியாளர் இந்த வித்தையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளையனிடமிருந்து பரம்பரைச் சொத்தாகப் பெற்றனர்.

இனி, அவ்வாலயத்துக் கற்களின் கீழே உறங்குவோர் யாவர் என்று பார்ப்போம். இவ்வாலயத்தோடு நெருங்கிய தொடர்புடையோர் கொழும்புச் செட்டிகள் எனப்படும் சமூகத்தினர். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து, மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் கீழும் துபாஷிகளாயும் முதலியார்களாயும் எழுதுவினைஞராயும் உயர்ந்த குடும்பங்கள் அவை. அவர்களுடைய பணி சிறியதன்று. 1723இல் கொழும்பிலே பிறந்த பிலிப்பு தெ மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1759இல் அது கொழும்பிலேயே அச்சாயிற்று. 1859இல் தமிழ்ப் புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் அச்சமூகத்தவரே. நமது இலக்கிய வரலாற்றாசிரியர் எவரும் இவர்களைக் கடந்து செல்ல முடியாது.

ஒண்டாச்சி குடும்பத்தின் பெயர் பொறித்த கற்களும் அவ்வாலயத்தில் உண்டு. தஞ்சையிலிருந்து 1659இல் வைத்தியனாக வந்தவனே அக்குடும்பத்தின் மூதாதை என்பது அவர்தம் மரபு. அக்குடும்பத்தில் 1943இல் பிறந்து கனடாவிலே குடியேறிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, தன் முன்னோரின் பெயர்களைத் தேடி இவ்வாலயத்துக்குச் சென்றதைத் தமது 1982ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் நாம் நினைவிற் கொள்ள வேண்டிய ஒண்டாச்சி வேறொருவர். 1758இல் கொழும்பிலே பிறந்த குவின்ற் ஒண்டாச்சி படிப்புக்காக ஒல்லாந்து சென்றார். அங்கே உத்ரெக்ற் நகரிலே, பரம்பரை ஆட்சிக்கு எதிராகப் படைக்கலமேந்திய 'தேசபக்தர்' இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். குடிமக்கள் தம் நகரசபையைத் தாமே தெரிய வேண்டும் என்று முழங்கினார். 1787இல் பிரஷ்யப் படை நுழைந்து அவ்வியக்கத்தை நசுக்கிற்று. பிரெஞ்சுப் புரட்சி வெடிப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, தமிழ்க் குருதி ஓடிய கொழும்பு இளைஞன் ஒருவன் ஐரோப்பாவின் நகரமொன்றில் மக்களாட்சிக்காகப் போராடினான். தெருவிலே கூடிய குடிமக்களுக்கு அவன் வந்த கரை தடையாகவில்லை. அவன் நின்ற அணியே பெரிதாயிற்று.

இவையெல்லாம் பெருமைப்படத் தக்கனவே. ஆயின், இங்கேதான் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். கல்லறைக் கல் என்பது விலைகொடுத்து வாங்கப்படும் பொருள். கல்லுக்கு விலை, தச்சனுக்குக் கூலி, எழுத்துக்குக் கணக்கு, நிலத்துக்குச் செல்வாக்கு. இவை நான்கும் உடையவனே கல்லிலே வாழ்கிறான். சேமக்காலையைச் சரித்திரத்தின் ஏடு என்று வருணிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அந்த ஏட்டிலே எழுதக் கட்டணம் உண்டு. கட்டணம் செலுத்த இயலாதவன் மண்ணுக்குள் சென்றான். அவனோடு அவன் பெயரும் சென்றது.

அத்தகையோர் யாவர்? ஆலயத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ளது கொழும்புத் துறைமுகம். 1875 டிசம்பரில் அதன் முதல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். நூல்கள் எல்லாம் அதைக் கூறுகின்றன. சுவர் 1885இல் முடிவுற்றது. இடைப்பட்ட பத்தாண்டுகளாகக் கல் சுமந்தோரின் பெயர்களை எந்நூல் கூறுகிறது? தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்தோரும், கொச்சிப் பக்கத்திலிருந்து வந்தோரும் இத்துறைமுகத்தின் தோள்களாயினர். அயலிலுள்ள கொச்சிக்கடையின் பெயர் இன்றளவும் அத்தொடர்பை ஒலித்துக்கொண்டிருக்கிறது. 1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் பரவியபோது, அரிசிக் கிட்டங்கிகள் நிறைந்த செட்டியார் தெருப் பகுதியே முதலில் பாதிக்கப்பட்டது. கப்பலில் வந்த மூட்டைகளோடு எலி வந்தது; எலியோடு நோய் வந்தது. மூட்டையின் இலாபம் ஒருவனுக்கு. நோய் அதைச் சுமந்தவனுக்கு. அவ்வாறு மாண்டவர்களின் பெயர்களைக் கல்லிலே தேடுவது வீண்வேலை.

உயிரோடிருந்தபோது அவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1923இன் பொது வேலைநிறுத்தத்திலும், 1927இன் துறைமுக வேலைநிறுத்தத்திலும் சிங்களத் தொழிலாளியும் தமிழ், மலையாளத் தொழிலாளியும் தோளோடு தோள் நின்றனர். அப்போராட்டங்களின் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா. பொருளாதார மந்தம் வந்தது; வேலை அருகிற்று. முதலாளியை நோக்கித் திரும்ப வேண்டிய கோபத்தை அதே குணசிங்கா முப்பதுகளிலே மலையாளத் தொழிலாளியை நோக்கித் திருப்பினார். தொழிற்சங்க மேடையிலே இனவாதம் ஏறியது. 1939இல் அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை விலக்கத் தொடங்கியது. நேரு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. சாதாரண உழைப்பாளிகள் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது.

பின்னர் சுதந்திரம் வந்தது. அதன் முதற் பரிசுகளுள் ஒன்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இம்மண்ணிலே பிறந்திருப்பது மட்டும் போதாதாம். தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். முதலியார் வீட்டுப் பிள்ளைக்கு இதில் இடர்ப்பாடு ஏது? ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடு உண்டு, தோம்பு உண்டு, அவையும் இல்லையாயின் பாட்டனின் கல்லறை உண்டு. லயத்திலே பிறந்தவனுக்கும் தோட்டம் எனப்படும் கொழும்புச் சேரியிலே பிறந்தவனுக்கும் பாட்டன் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி? கல்லறை வாங்க முடியாத குடும்பத்தவன் பிரசையாகவும் முடியவில்லை! இறந்த பாட்டனின் வறுமை, உயிரோடிருக்கும் பேரனின் வாக்குரிமையைத் தின்றது.

1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறக்குறைய ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே ஏற்கப்பட்டனர். அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பறிபோயிற்று. அவ்வேளை தமிழ்க் காங்கிரசின் தலைவர் அமைச்சரவையிலே வீற்றிருந்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. 1948இல் இடதுசாரிக் கட்சிகள் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தன. அது அவற்றின் வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்கத் தக்கது. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியபோது, அந்த அரசாங்கத்திலே சமசமாஜக் கட்சியும் பங்காளியாயிருந்தது. பிறரை விமர்சிக்கும் நாவு நம்மணியைச் சார்ந்தோரையும் விமர்சித்தல் வேண்டும். மனிதரைத் தலைக்கணக்கிட்டுப் பங்குபோடுவது எந்தச் சோசலிசத்தின் பாடம்?

இப்பொழுது தொடக்கத்திலே கூறிய விடைக்கு மீள்வோம். "எம் கல்லறை பழையது, ஆகவே எமக்கு உரிமையுண்டு" என்பது அவ்விடை. இதை ஏற்றுக்கொண்டால், கல்லறையில்லாதவனுக்கு உரிமையில்லை என்பதையும் ஏற்க வேண்டும்; நேற்று வந்து இன்று உழைப்பவனுக்கு எதுவுமே இல்லை என்பதையும் ஏற்க வேண்டும். அன்றியும், பழமையை அளவுகோலாக்கினால் அதனினும் பழையதைக் காட்டுவான் எதிரி. நீங்கள் 1815ஐக் காட்டினால், அவன் மகாவம்சத்தைக் காட்டுவான். நீங்கள் தோமையாரைக் காட்டினால், அவன் விஜயனைக் காட்டுவான். விஜயனும் கப்பலில் வந்திறங்கியவன் என்றே அந்நூல் கூறுகிறது என்பதை நினைவூட்டினால், அவன் கல்லைத் தேடமாட்டான், கல்லை எறிவான். 1983 யூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையிற்கொண்டு கொழும்பின் தமிழ் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்கள், எந்த வீட்டாரின் பாட்டன் எப்போது வந்தான் என்று விசாரித்தா தீ வைத்தன?

பழமை வாதம் நம்மையும் நமக்குள்ளே பிளக்கிறது. கொழும்புச் செட்டிகள் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே தனி இனப்பிரிவாகக் கணக்கிடப்பட்டனர். தம்மை எப்பெயரால் அழைப்பதென்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு சமூகத்துக்கும் உண்டு. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் 'தமிழன்' என்னும் பெயரே உயிருக்கு ஆபத்தாகிவிட்ட நாட்டில், மக்கள் தம் பெயரைத் தாமே சுதந்திரமாகத் தெரிகின்றனர் என்று எப்படிச் சொல்ல முடியும்? மறுபுறத்தில், யாழ்ப்பாணத்துக் கனவான்களுள் எத்தனை பேர் ஜிந்துப்பிட்டித் தமிழனை 'இந்தியாக்காரன்' என்று ஒதுக்கி வந்தனர்! வெள்ளவத்தையில் வீடு வாங்கியவனுக்குக் கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் ஒண்டியிருப்பவன் அந்நியனாகத் தெரிந்தான். பேரினவாதி நம்மிடம் கேட்ட அதே கேள்வியை நாம் நமக்குக் கீழே இருந்தவனிடம் கேட்டோம். இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளாத எந்தத் தமிழுரிமைப் பேச்சும் அரைப்பேச்சே.

வேறு சிலருளர். அவர்கள் பழம்பொருட் காதலர். ஆலயத்தைப் புதுக்கி, கற்களைக் கழுவி, உல்லாசப் பிரயாணிக்குக் காட்டினாற் போதும் என்பது அவர்கள் கொள்கை. புதுக்குவது நல்லதே, இடிந்து விழ விடுவதை எவரும் விரும்பார். ஆனால் 2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தியின் பெயரால் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு, அங்கே வாழ்ந்தோர் மாடிக் கட்டடங்களுக்குள் அனுப்பப்பட்டபோது, இந்த மரபுக் காவலருள் எத்தனை பேர் வாய் திறந்தனர்? இறந்தவரின் கல் மரபுச் சின்னம். உயிரோடிருப்பவரின் குடிசை ஆக்கிரமிப்பு! கல்லுக்கு வேலி, மனிதனுக்கு வெளியேற்றக் கட்டளை! இத்தகைய மரபுப் பற்றை நாம் மறுக்கிறோம்.

அப்படியாயின் உரிமைக்கு அடிப்படைதான் யாது? உழைப்பும் வாழ்வுமே அடிப்படை. எவன் ஒரு நிலத்தில் வாழ்ந்து, அதன் துறைமுகத்தைக் கட்டி, அதன் குப்பையை அள்ளி, அதன் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அதன் மண்ணிலே தன் இறந்தோரை ஒப்படைக்கிறானோ, அவன் அந்நிலத்தவன். அவன் வந்தது 1659ஆயினும் ஒன்றே, 1939ஆயினும் ஒன்றே. கல் இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. 1988இன் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோரென ஒதுக்கப்பட்டோருக்குப் பிரசாவுரிமை வழங்கின. அரை நூற்றாண்டு கழித்து அரசு ஒப்புக்கொண்ட நியாயம் இதுவே. ஆயினும் சட்டம் ஏட்டில் மாறிவிட்டமையால் தெருவிலே கேள்வி மறைந்துவிடவில்லை. சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை இன்னும் நம்மோடு வாழ்கிறது.

ஆசிரியர்களே, மாணவ நண்பர்களே! நமக்கு இங்கே ஒரு பணியுண்டு. ஜிந்துப்பிட்டியின் சரித்திரத்தைக் கல்லில் மட்டும் தேடாதீர். ஆலயங்களின் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகள் உள்ளன. செல்லரித்துப்போகுமுன் அவற்றைப் படியெடுக்க வேண்டும். மாதம்பிட்டி மயானத்திலும் பொரளை கனத்தையிலும் புதைக்கப்பட்ட, எரிக்கப்பட்ட எளியோரின் பெயர்கள் பதிவேடுகளிலே இருக்கும். அவற்றைத் தேட வேண்டும். துறைமுகத்திலும் நகரசபையிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்கள் வாய்மொழியை எழுதி வைக்க வேண்டும். நாடகக் கொட்டகைக்கும் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இடையே அவர்கள் வாழ்ந்த வாழ்வு, வகுப்பறையிலே பாடமாக வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தபோது அங்கே மாண்ட எளியோரின் பெயர்களாவது உரிய மதிப்போடு காக்கப்படுகின்றனவா என்று கேட்க வேண்டும்.

தோமையார் ஆலயத்துக் கற்கள் நிலைத்து நிற்கட்டும். அவற்றை நாம் உடைக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பக்கத்திலே எழுதப்படாத பெயர்களையும் எழுதச் சொல்கிறோம். அந்தப் பட்டியல் நிறைவுறும் நாளில் "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்பவனுக்கு நாம் கூறும் விடையும் மாறும். அன்று நாம் ஆண்டைச் சொல்லமாட்டோம். துறைமுகத்தைக் காட்டுவோம், தெருவைக் காட்டுவோம், தேயிலை மலையைக் காட்டுவோம். இவற்றைச் செய்தவர் யாவர் என்று நாம் கேட்போம். விடை சொல்ல வேண்டிய முறை அப்போது அவனுடையதாகும்.